அட்டைப்படத்திலிருந்து டைட்டில் கார்டு வரை: க்ரைம் கதை எழுதிய 'சுபா' சினிமாவுக்குப் போன பாதை

சாயர்புரம் பஸ் ஸ்டாப்பில் தூத்துக்குடி பஸ்ஸுக்காக நிற்கிற யாரிடமாவது, 'சுபாவைத் தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பது வயதைத் தொட்டவர் என்றால், 'நரேந்திரன், வைஜெயந்தி, ஈகிள்ஸ் ஐ...' என்று சொல்லிக்கொண்டே முகம் மலர வாய்ப்பு உண்டு. பக்கத்தில் நிற்கும் காலேஜ் பையன், 'எந்த சுபா?' என்று திருப்பிக் கேட்பான். அவனிடம் 'அயன்', 'கோ', 'தனி ஒருவன்' என்று மூன்று படங்களின் பெயரைச் சொல்லுங்கள். சீன் வாரியாகக் கதை சொல்வான். அந்த மூன்று படங்களின் எழுத்திலும் இருந்த பெயர்தான் சுபா என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

எழுத்தாளரின் பெயருக்காகவே புத்தகம் விற்ற காலம் ஒன்று இருந்தது. அதே எழுத்தாளர் அதைவிடப் பத்து மடங்கு பேரிடம் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் பெயர் நான்கு விநாடி கார்டாகச் சுருங்கிவிட்டது. இது எப்படி நடந்தது?

இரண்டு பேர், ஒரு பெயர்

சுபா என்பது ஒருவர் அல்ல. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். சென்னை மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் தொடங்கிய நட்பு அது. இருவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'சுபா'.

1980-களும் 1990-களும் மாத நாவல்களின் பொற்காலம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன், தேவிபாலா என்று பெரிய பட்டாளமே இருந்தது. பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, க்ளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தூத்துக்குடி ஸ்டேஷனில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறும்போது ஒன்று வாங்கினால், தூக்கம் வருவதற்குள் கொலையாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு ஜோடி. ராஜேஷ்குமாருக்கு விவேக்–ரூபலா. பிரபாகருக்கு பரத்–சுசீலா. இவர்களுக்கெல்லாம் மூத்தவரான சுஜாதாவுக்கு கணேஷ்–வசந்த். சுபாவுக்கு, ராம்தாஸ் நடத்தும் ஈகிள்ஸ் ஐ துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நரேந்திரனும் வைஜெயந்தியும்.

மாதம் தவறாமல் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தது. முதல் பக்கத்திலேயே வாசகரை இழுக்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் முடியும்போது அடுத்ததைப் புரட்ட வைக்க வேண்டும். பக்கக் கணக்கு தாண்டக் கூடாது. தேதி தவறக் கூடாது. பிற்காலத்தில் சினிமாவில் கைகொடுத்தது இந்தப் பயிற்சிதான்.

அட்டைப்படம் எடுத்த இளைஞர்

அந்த நாவல்களின் அட்டைகளை நினைவிருக்கிறதா? அவற்றுக்குப் புகைப்படம் எடுத்தவர்களில் ஒருவர் கே.வி.ஆனந்த். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர். பிறகு ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஒளிப்பதிவாளராக முதல் படம், மலையாளத்தில் 1994-ல் வந்த 'தேன்மாவின் கொம்பத்து'. முதல் படத்திலேயே தேசிய விருது.

2005-ல் இயக்குநரானபோது எழுத்துக்கு ஆனந்த் சேர்த்துக்கொண்டது சுபாவை. படம் 'கனா கண்டேன்'. கடல் நீரைக் குடிநீராக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் ஓர் இளைஞன், அந்தத் திட்டத்துக்காகக் கடன் வாங்கி, வட்டிக்காரனிடம் சிக்கிக்கொள்கிறான். வில்லன் பிருத்விராஜ். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் தெரிந்தும் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அலைகிற கடற்கரைக்காரர்களுக்கு, இந்தக் கதையின் முதல் பாதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது பாதியான கந்துவட்டியையும்தான். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003-ல். அடுத்த இரண்டு வருடத்தில் வந்த படம் இது.

கவனித்தால் ஒன்று புரியும். இதில் பங்களா இல்லை, பூட்டிய அறைக்குள் பிணம் இல்லை, துப்பறிவாளர் இல்லை. ஆனாலும் இது க்ரைம் கதைதான். செய்தித்தாளில் தினமும் பார்க்கிற ஒரு குற்றத்தை எடுத்து, அதற்குள் ஒரு குடும்பத்தை நிறுத்துவது. ஆனந்த்–சுபா கூட்டணி இந்த வழியிலேயே தொடர்ந்தது. 'அயன்' (2009) கடத்தல் உலகம். 'கோ' (2011) பத்திரிகைப் புகைப்படக்காரனின் கண்ணில் அரசியல். 'மாற்றான்' (2012), 'அனேகன்' (2015) படங்களுக்குப் பிறகு வந்த 'கவண்' (2017), டி.வி. சேனல்களுக்குள் நடக்கும் பித்தலாட்டம். 'கோ' ஹீரோ கழுத்தில் தொங்கும் கேமராவுக்குப் பின்னால், அந்தப் பழைய பத்திரிகைப் புகைப்படக்காரர் இருக்கிறார் என்பதை ஊகிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை.

'அந்த உருவம்' திரையில் நடக்காது

நாவல் எழுதியவருக்கு சினிமா எழுதுவது சுலபம் என்று நினைக்கிறோம். உண்மை வேறு.

'அந்த உருவம் மெல்லக் கதவைத் திறந்தது' என்று நாவலில் எழுதலாம். ஆணா பெண்ணா, குட்டையா நெட்டையா, எதுவும் சொல்ல வேண்டாம். வாசகர் நம்பிவிடுவார். திரையில் 'அந்த உருவம்' கிடையாது. கேமரா வைத்தவுடன் உயரம் தெரியும், நடை தெரியும். அதனால்தான் பழைய படங்களில் கையுறையையும் பூட்ஸ் காலையும் மட்டும் காட்டிச் சமாளித்தார்கள்.

துப்பறிவாளரின் மனதுக்குள் ஓடுவதை நாவலில் இரண்டு பத்தி எழுதலாம். திரையில் நினைப்பைப் படம் பிடிக்க முடியாது. நினைப்பு செயலாக மாற வேண்டும், அல்லது இன்னொருவரிடம் பேச வேண்டும்.

மூன்றாவது வித்தியாசம்தான் பெரியது. நாவலில் சந்தேகம் வந்தால் பத்துப் பக்கம் பின்னால் போய்ப் பார்க்கலாம். தியேட்டரில் படம் திரும்பி வராது. எனவே துப்பை ஒளித்து வைத்தால் போதாது. எல்லோரும் பார்க்கும்படி நடுக்கூடத்தில் வைத்து, அது துப்பு என்று தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 2015-ன் 'தனி ஒருவன்'. இயக்குநர் மோகன் ராஜாவுடன் சேர்ந்து சுபா எழுதிய படம். வில்லன் யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அரவிந்த் சாமியை யாரும் ஒளித்து வைக்கவில்லை. 'யார் செய்தது?' என்ற மாத நாவலின் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'இவனை எப்படிப் பிடிக்கப் போகிறான்?' என்ற கேள்வியை வைத்தார்கள். தியேட்டர் நுனி சீட்டில் உட்கார்ந்தது. அடுத்த வருடமே தெலுங்கில் 'துருவா' என்று எடுத்தார்கள். அதுவரை பிற மொழிப் படங்களைத் தமிழில் எடுப்பவர் என்றே அறியப்பட்ட மோகன் ராஜாவின் கதையை, இன்னொரு மொழிக்காரர்கள் வாங்கிப் போனார்கள்.

இரண்டு வாரத்தில் ஒரு பாடம்

'தனி ஒருவன்' வெளியானது 2015 ஆகஸ்ட் 28-ல். சரியாக இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 11-ல் இன்னொரு படம் வந்தது. 'யட்சன்'. இது சுபா தொடர்கதையாக எழுதிய சொந்தக் கதை, அதே பெயரில். இயக்கம் விஷ்ணுவர்தன். 2013-ல் அஜித் நடித்த 'ஆரம்பம்' படத்தில் சுபாவோடு வேலை பார்த்தவர்தான். தெரியாத இயக்குநர் அல்ல, புரியாத கதையும் அல்ல.

ஆனால் 'தனி ஒருவன்' போன இடத்துக்கு 'யட்சன்' போகவில்லை. வாராவாரம் காத்திருந்து படிக்கும் கதையின் மூச்சு வேறு, இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் கதையின் மூச்சு வேறு. தொடர்கதையில் ருசித்த திருப்பங்கள் திரையில் நெரிசலாகிவிடலாம். நாவலைத் திரைக்குத் தூக்கி வருவதைவிட, திரைக்கென்றே இயக்குநரோடு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து எழுதியபோதுதான் சுபாவின் திறமை முழுசாக வெளிப்பட்டது.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. பெரிய வெற்றி பெற்ற அந்தப் படங்களில் நரேந்திரனும் வைஜெயந்தியும் இல்லை. எழுத்தாளர்கள் அறைக்குள் போனார்கள். அவர்கள் வளர்த்த பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர் சுஜாதா. அவருடைய 'ப்ரியா' 1978-ல் படமானது. வக்கீல் கணேஷாக ரஜினிகாந்த். பாட்டும் சண்டையும் வெளிநாட்டுக் காட்சிகளுமாகப் படம் ஓடியது. ஆனால் தன் கதையில் செய்யப்பட்ட மாற்றங்கள் சுஜாதாவுக்கு உவப்பாக இல்லை. பிற்காலத்தில் அவர் சினிமாவில் நிலைத்தது வேறு வழியில். 'ரோஜா', 'இந்தியன்', 'முதல்வன்' என்று இயக்குநர்களின் கதைகளுக்கு வசனம் எழுதினார். கணேஷும் வசந்தும் புத்தகத்திலேயே பத்திரமாக இருந்தார்கள்.

சின்னத்திரையில் பெரிய பெயர்

சினிமாவில் சுருங்கும் பெயர், டி.வி.யில் வளரவும் செய்யும். அதற்கு சாட்சி இந்திரா சௌந்தர்ராஜன்.

1990-களின் பிற்பாதியில் 'மர்ம தேசம்' ஒளிபரப்பான நேரத்தில் பல வீடுகளில் சமையல் அடுப்பு சும்மா இருந்தது. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. நாகா இயக்கிய 'ரகசியம்', 'விடாது கருப்பு' இரண்டும் இன்றைக்கும் பேசப்படுகின்றன. 'விடாது கருப்பு'க்கு அடிப்படை, 'விட்டுவிடு கருப்பா' என்ற அவருடைய நாவல். தலைப்பு மாறியதையே பாருங்கள். நாவலில் அது கெஞ்சல். டி.வி.யில் அது மிரட்டல். வாரம் ஒருமுறை வரும் தொடருக்கு எது பொருத்தம் என்று சொல்லவே வேண்டாம்.

தென் மாவட்ட ஊர்களில் எல்லைச்சாமி இல்லாத ஊர் உண்டா? தப்பு செய்தால் சாமி கேட்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். செய்தது சாமியா, ஆசாமியா என்ற ஒரே கேள்வியை வைத்து மாதக்கணக்கில் ஊரையே காக்க வைத்தார் இந்திரா சௌந்தர்ராஜன். பின்னர் 'கிருஷ்ணதாசி', 'சிவமயம்', 'ருத்ர வீணை' என்று தொடர்கள். சினிமாவில் 'சிருங்காரம்' (2007), நாகாவின் 'ஆனந்தபுரத்து வீடு' (2010). 2024 நவம்பர் 10-ல் மதுரையில் அவர் மறைந்தபோது, அஞ்சலி எழுதியவர்கள் முதலில் நினைவுகூர்ந்தது 'மர்ம தேசம்' தொடரைத்தான்.

காரணம் எளிது. வாராவாரம் அதே பெயர் வீட்டுக்கூடத்தில் வந்து நின்றது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே! அந்த ஆள் எழுத்தாளர் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வழி. ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமார் கதை கொடுப்பவராக நின்றார். 'சண்டமாருதம்' (2015), 'குற்றம் 23' (2017), 'யுத்த சத்தம்' (2022) அவருடைய கதைகள். பட்டுக்கோட்டை பிரபாகர் 'இமைக்கா நொடிகள்' (2018) படத்தின் எழுத்தில் பங்கேற்றார். அடுத்த வருடம் கே.வி.ஆனந்துடன் 'காப்பான்'. அட்டைப்படம் எடுத்த காலத்திலிருந்து தெரிந்த இன்னோர் எழுத்தாளர். அதுவே ஆனந்தின் கடைசிப் படம். 2021 ஏப்ரல் 30-ல் அவர் காலமானார்.

அங்கேயும் இதே கதைதான்

இந்த இழுபறி நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவின் பெரிய க்ரைம் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர். 1944-ல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி' படத்துக்கு, இயக்குநர் பில்லி வைல்டருடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். கதை அவருடையது அல்ல, ஜேம்ஸ் எம்.கெய்ன் என்ற இன்னொரு க்ரைம் எழுத்தாளருடையது. சாண்ட்லருக்கும் வைல்டருக்கும் ஒத்தே போகவில்லை. ஆனாலும் அந்தத் திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரையானது, படம் இன்றும் பாடமாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து கொலை செய்து பழகிய கைக்கு, பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு எழுதுவது பெரிய சோதனை.

சுபாவுக்கு அந்தச் சோதனை சுலபமாகத் தாண்டியதற்கு ஒரு காரணம் இருக்கலாம். அவர்கள் முதல் நாளிலிருந்தே இரண்டு பேர். 'நீ எழுதியது சரியில்லை' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டுத் திருத்துகிற பழக்கம், இயக்குநர் என்ற மூன்றாவது ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே இருந்தது.

பெயரைக் காப்பாற்றுவது எப்படி?

இது பெரிய எழுத்தாளர்களுக்கான பிரச்னை மட்டுமல்ல. இன்றைக்கு வெப் சீரிஸ் வந்த பிறகு, க்ரைம் கதைக்குத் தேவை அதிகம். சாயர்புரத்தில் உட்கார்ந்து போனிலேயே கதை டைப் செய்கிற ஒரு பெண்ணும், நாளை சென்னையில் ஓர் அலுவலகத்தில் கதை சொல்லப் போகலாம். அவர் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு விஷயங்கள்:

ஒன்று, யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. 'கடல் நீரைக் குடிநீராக்கும் இளைஞன்' என்று வாயால் சொன்ன வரி யாருக்கும் சொந்தமல்ல. அதைக் காட்சிகளாக விரித்து எழுதிய காகிதம் உங்களுக்குச் சொந்தம். எனவே சொல்வதற்கு முன் எழுதுங்கள்.

இரண்டு, எழுதியதைத் தேதியோடு பதிவு செய்யுங்கள். எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைப்பது பின்னால் பேச உதவும். 2018-ல் 'சர்கார்' பட விவகாரத்தில் நடந்தது நினைவிருக்கும். வருண் ராஜேந்திரன் தன் 'செங்கோல்' கதையோடு ஒற்றுமை இருப்பதாகப் புகார் செய்தார். சங்கம் விசாரித்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, படத்தில் அவர் பெயருக்கு ஒரு கார்டு போட ஒப்புக்கொள்ளப்பட்டது. பேச முடிந்ததற்கு அடிப்படை, முன்பே எழுதிப் பதிந்து வைத்திருந்தது.

மூன்று, பணம் வேறு, பெயர் வேறு. கதை உரிமையை விற்றுவிட்டாலும், 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமை எழுத்தாளரிடமே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு அதைக் காக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பெயர் எங்கே, எந்த வார்த்தையில் வரும் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. 'கதை', 'திரைக்கதை', 'வசனம்', 'எழுத்து' நான்கும் ஒன்றல்ல.

நான்கு, 2012-ல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. படத்தில் சேரும் எழுத்தும் இசையும், தியேட்டருக்கு வெளியே வேறு வழிகளில் பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில், எழுதியவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை வேண்டாம் என்று எழுதி வாங்கவும் முடியாது என்கிறது திருத்தம். இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் கையெழுத்துப் போடுவதைவிட, தெரிந்து வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

பெயர் நிலைப்பது ஒன்றும் நடக்காத காரியம் அல்ல. 1840-களில் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு.போப், 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். குறள் அவர் எழுதியது அல்ல. ஆனாலும் ஒன்றேகால் நூற்றாண்டு தாண்டியும் அதை 'போப் மொழிபெயர்ப்பு' என்றே சொல்கிறோம். இன்னொருவர் படைப்புக்குச் செய்த வேலைக்குக்கூடப் பெயரைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. சினிமா என்று வரும்போது மட்டும் ஹீரோ பெயரோடும் இயக்குநர் பெயரோடும் நிறுத்திக்கொள்கிறோம்.

இதை மாற்றச் சட்டம் மட்டும் போதாது. பார்க்கிறவர்களும் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும். இன்று இரவு போனில் ஒரு த்ரில்லர் போடுவீர்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் மூலையில் 'ஸ்கிப் இன்ட்ரோ' என்று ஒரு பட்டன் வந்து நிற்கும். அதை ஒரு நிமிஷம் அழுத்தாமல் இருங்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்யப்போகிற ஆள் யார் என்று அங்கேதான் எழுதியிருக்கும்.